முதல் சால் யாருடையது

முருகேசா,

குழம்பை இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆனாலும் நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தரம் எழுந்துவிட்டேன். ஒரு தரம் மாடியில் துணி காய்ந்ததா என்று பார்க்க, ஒரு தரம் குழாயில் தண்ணீர் வந்ததா என்று பார்க்க. மூன்றாவது தரம் எதற்கென்றே தெரியவில்லை, வாசல் வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். இந்தப் பட்டணத்து நீலசந்திரா வீட்டில் நடப்பதற்கு இடமும் இல்லை. நம் நிலத்தில் ஒரு மூலையில் இருந்து இன்னொரு மூலைக்குப் போய்வந்தால் மனசு கொஞ்சம் அடங்கும். இங்கே கட்டிலைச் சுற்றித்தான் வரவேண்டும். பேத்தி நிவேதா போன வருஷம் எழுதாமல் விட்ட நோட்டில் இருந்து தாள் கிழித்திருக்கிறேன். என் எழுத்து பெரிசு, நிறையத் தாள் பிடிக்கும். அஞ்சாவதோடு நிறுத்தியவள் இத்தனை பக்கம் எழுதுகிறாளே என்று நீ சிரித்தாலும் பரவாயில்லை, கடைசி வரை படி. இதை நான் மடித்து ஒட்டப் போவதில்லை. டிவி மேல் திறந்தே வைக்கப் போகிறேன். நிவேதா படிக்கலாம், பக்கத்து வீட்டுக் கஸ்தூரி படிக்கலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மூடி வைத்தே இத்தனை வருஷம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தரகர் பத்திரத்தோடு வருகிறார். நம்முடைய இரண்டரை ஏக்கரையும் பதினைந்து வருஷத்துக்கு பிளாஸ்டிக் கொட்டகை போட்டு ரோஜா வளர்க்கிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஊரில் இருக்கிற சுமதியை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று நீ முடிவு பண்ணியிருக்கிறாய். நீ லிஃப்ட் பார்க்கிற கம்பெனிக் கட்டடத்திலேயே அவளுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலையும் சொல்லி வைத்துவிட்டாய். உன் அப்பாவின் நிலம் என்பதால் உன் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் வேண்டும் என்று தரகர் சொன்னார். போன வாரம் நீ இதைச் சொன்னபோது நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். பின்னாலேயே வந்து நீ, "ரெண்டு வருஷம் முன்னாடி ஆடியில பாத்தோமே அம்மா, நல்ல ஈரத்த விட்டுட்டு உக்காந்திருந்தா. அவளால தனியா முடியாது" என்றாய். அந்த ஒரு பேச்சு என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது. நீ உன் மனைவியின் மேல் தீர்ப்பு எழுதியது அந்த ஆடியை வைத்துத்தான். அந்த ஆடியில் நடந்தது என்ன என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், சுமதிக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் உனக்கும் தெரியவேண்டும். நேரில் சொல்லப் போனால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், அதற்குள் எங்கேயோ லிஃப்ட் நின்றுபோய் ஃபோன் வரும். உன் முகத்தைப் பார்த்தால் எனக்கும் பாதியில் வாய் அடைத்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் போன வாரத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இதையும் உன்னிடம் மறைத்தேன். நீ டூட்டிக்கும் நிவேதா ஸ்கூலுக்கும் போன ஒரு நாள் நான் வீட்டில் இல்லை. கஸ்தூரியோடு பீன்ஸ் பறிக்கப் போனேன். அவள் தினமும் விடியற்காலையில் தெருமுனையில் டெம்போ ஏறிப் போகிறாளே, ஆனேக்கல் பக்கம், அங்கே. இந்தத் தெருவில் மட்டும் ஒன்பது பொம்பளைகள் அந்த டெம்போவில் போகிறார்கள். பட்டணத்துப் பெண்கள் கழனி வேலைக்குக் கிராமத்துக்குப் போகிறார்களே, இது என்ன தலைகீழ் கூத்து என்று நான் கேட்டதற்கு, கஸ்தூரி சிரித்தாள். "அங்க ஆம்பளைங்க எல்லாம் ஃபேக்டரிக்கு வந்துட்டாங்கம்மா. அவங்க இங்க வர்றாங்க, நாங்க அங்க போறோம். நடுவுல டெம்போக்காரன் ஒருத்தன்தான் ரெண்டு ஊருலயும் இருக்கான்" என்றாள். ஒரு நாள் வா என்று வாய்வார்த்தையாகத்தான் கூப்பிட்டாள். நான் அன்றைக்கே கிளம்பிவிட்டேன். கூலிக்காகப் போகவில்லையப்பா. நிவேதாவுக்குச் சோறாக்க இங்கே வந்து, ஒரு வருஷமாக மண்ணை மிதிக்காமல் என் கால் என் கால் மாதிரியே இல்லை.

அங்கே போய்ப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை பொம்பளைகள்தான். களை வெட்டுகிறவள் பெண், மருந்து அடிக்கிறவள் பெண், சொட்டுநீர்க் குழாயை அவிழ்த்து ஊதுகிறவள் பெண். தோட்டத்துக்காரியும் ஒரு பெண்தான், சுமதி வயசு இருக்கும். முழங்கால் வரைக்கும் சேறு, இடுப்பில் சாவிக்கொத்து. எங்களுக்குப் பறிக்கிற சால்களைப் பிரித்துக் கொடுத்தது, எடை பார்த்தது, மார்க்கெட் வண்டிக்காரனிடம் சண்டை போட்டது எல்லாம் அவள். பத்து மணிக்கு ஒருவர் பைக்கில் வந்தார், என்ன பயிர், எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போக வந்தவர். "ரைத்தரு யாரு?" என்று கன்னடத்தில் கேட்டார். விவசாயி யார் என்று. அத்தனை பேருக்கு நடுவில் சேற்றோடு நிற்கிறாளே அந்தத் தோட்டத்துக்காரி, அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "நம்ம யஜமான்ரு. கெலஸக்கெ ஹோகிதாரெ" என்றாள். என் வீட்டுக்காரர்தான், வேலைக்குப் போயிருக்கிறார் என்று. வந்தவர் அந்த வேலைக்குப் போயிருக்கிற ஆளின் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார். யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் யாரோ என் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. இருபத்தேழு வருஷம் நானும் அதே வாயால் அதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். "என் மகன் பயிர் வெக்கிறான்." நீ இங்கே ஆறாவது மாடியில் கம்பி வடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பாய். நான் அங்கே வரப்பில் நின்றுகொண்டு, "இது என் மகன் வெச்ச கடலை" என்பேன். நீலசந்திராவுக்கு வந்த பிறகும் நிறுத்தவில்லை. கஸ்தூரியிடம் முதல் நாளே, என் மகன் இங்கே வேலையும் பார்க்கிறான், ஊரில் பயிரும் வைக்கிறான் என்று பீற்றிக்கொண்டேன். பறிப்புக்குப் போய்வந்த வழியில் டெம்போவில் அவள் கேட்டாள்: "உங்க மகன் வருஷத்துக்கு எத்தன நாள் ஊருக்குப் போறாரும்மா?" அந்தக் குலுக்கலில் காது கேட்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

இப்போது முதல் சால் கதை. நம் ஊரில் ஆடி மழை விழுந்ததும் விதைப்புக்கு முன்னால் ஏரைப் பூட்டி முதல் சால் ஓட்டுவது வீட்டு ஆம்பளைதான். மீதி நிலத்தைக் கூலி ஆள் ஓட்டலாம், முதல் சால் மட்டும் அந்த வீட்டு ஆண் கை பட்டதாக இருக்கவேண்டும். பொம்பளை ஏர்க்காலைத் தொட்டால் மழை பின்வாங்கும் என்பார்கள். ஏருக்குப் பதில் டில்லர் வந்த பிறகும் அந்த முதல் ஓட்டத்துக்கு அதே பேர், அதே சட்டம். உன் அப்பா போய்ச் சேர்ந்தபோது உனக்குப் பதினொரு வயசு. அந்த ஆடியில் உன் பெரியப்பா வந்து முதல் சால் ஓட்டித் தருகிறேன் என்றார். அவரை ஓட்டவிட்டால் அடுத்த வருஷம் நிலமே அவருடையது என்று எனக்குத் தெரியும். என் மகன் ஓட்டுவான் என்றேன். சந்தை நாளாகப் பார்த்து, ஊர் ஆட்கள் எல்லாம் போன பிறகு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். உனக்கு ஞாபகம் இருக்கும், மாட்டைக் கண்டால் உனக்குப் பயம். கலப்பை உன் மார்பு உயரம். பத்தடி போனாய், கொழு மேலே எழும்பிவிட்டது, நீ உட்கார்ந்து அழுதாய். "நீ சும்மா கைய வெச்சிக்க சாமி" என்று உன் கை மேல் என் கையை வைத்து அழுத்தினேன். கொஞ்ச தூரத்தில் நீ கையை எடுத்துவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டாய். அந்தச் சால் முழுக்க நான் ஓட்டியது. அந்தச் சால் மட்டுமா, அன்றைக்குச் சாயங்காலம் வரை நான்தான் ஓட்டினேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். மறுநாள் ஊரெல்லாம், என் மகன் பதினொரு வயசில் முதல் சால் ஓட்டினான் என்று சொன்னேன். நீயும் அதை நம்பிவிட்டாய். உன் கல்யாணத்தில் சுமதியின் அப்பாவிடம் அதை நீயே பெருமையாகச் சொன்னாய், நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அந்த வருஷம் மழை பின்வாங்கவில்லை, முருகேசா. நல்ல காய்ப்பு. பொம்பளை தொட்டால் மழை வராது என்பது பொய் என்று இந்த ஊரில் முதலில் தெரிந்துகொண்டவள் நான். தெரிந்தும் அதை யாருக்கும் சொல்லாமல், எனக்குப் பின்னால் வந்தவள் மேல் அதே சட்டத்தைப் பிடித்தேனே, அதுதான் எனக்கு இப்போது ஆறவில்லை.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கீழே கீரைக்காரன் சத்தம். வாங்கவில்லை.

சுமதி டில்லர் ஓட்டக் கற்றதை நீ பார்த்ததில்லை. நீ பழைய வண்டியாக வாங்கிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வாடகைக்கு ஆள் வைத்து ஓட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாய். ஆள் எங்கே இருக்கிறான்? நம் தெருவில் இருக்கிற ஆண்கள் இரண்டு வகை: ஓசூருக்குப் போய்விட்டவன், போவதற்கு வயசு இல்லாதவன். ரிப்பேர் பண்ண வந்த மெக்கானிக்கிடம் சுமதி ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அந்த வண்டி உனக்கே தெரியும், ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகும், கொஞ்சம் அசந்தால் ஹேண்டில் திருப்பி அடித்துவிடும். ஒரு தரம் அவள் மணிக்கட்டு வீங்கி நாலு நாள் சோறு பிசையக்கூட முடியவில்லை. அப்புறம் பழகிவிட்டாள். முதல் சாலுக்கு நீ வந்து பேருக்கு ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டுப் போவாய், மீதி எல்லாம் அவள்தான். பிறகு பக்கத்துக் காட்டுப் பெண்கள் வந்து, சுமதி, எனக்கும் ரெண்டு ஓட்டம் ஓட்டிக்கொடு என்று கேட்டார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிற கிழவர்களுக்குப் பொறுக்குமா? அவளுக்குச் சின்ன மாமனார் முறை ஒருவர், "ஏம்மா சுமதி, மீச எப்ப வெக்கப் போற?" என்று கேட்டார். அவள் வண்டியை நிறுத்தவே இல்லை. "ஒங்களுக்குத்தான் இருக்குதே மாமா. அத வெச்சி ஒரு ஓட்டம் ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் நானும் வெக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். மரத்தடியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு உள்ளே சந்தோஷமும் வந்தது, அதற்கு மேல் ஒரு பயமும் வந்தது. இவள் இப்படியே போனால் இது என் மகன் வைக்கிற பயிர் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? அந்தப் பயத்துக்குப் பேர் அப்போது எனக்குத் தெரியவில்லை. மருமகள் அடங்கி நடக்கவேண்டும் என்று அதற்கு வேறு பேர் வைத்துக்கொண்டேன்.

அந்த ஆடி வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை. நம் செம்மண்ணுக்கு மூன்று நாள் ஈரம்தான் தாங்கும், அதற்குமேல் வெயில் அடித்தால் மேல்மண் உதிர்ந்துவிடும். விதைக் கடலையை உடைத்து மூட்டை கட்டித் தயாராக வைத்திருந்தோம். சுமதி, "நாளைக்குக் காலையிலயே ஓட்டிடலாம் அத்தை, அவரு வர்ற வரைக்கும் ஈரம் நிக்காது" என்றாள். முருகேசன் வந்துதான் முதல் சால் என்றேன். உனக்கு ஃபோன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன் என்று நீ சொன்னாய். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். இவள் காலையில் எழுந்து ஓட்டிவிடுவாள் என்று எனக்குப் பட்டது. அவள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன நேரம் பார்த்து, ஆணியில் மாட்டியிருந்த ஹேண்டிலை எடுத்து உள்ளே கேழ்வரகுப் பீப்பாயில் புதைத்து மூடிவிட்டேன். ஹேண்டில் இல்லாமல் வண்டி வெறும் இரும்பு.

மறுநாள் காலையில் அவள் வீடெல்லாம் தேடினாள். கொட்டகை, கட்டிலுக்கு அடியில், வைக்கோல் போர் ஓரம். யாரோ திருடிவிட்டார்கள் என்று அழாத குறை. நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் அவளோடு சேர்ந்து தேடினேன். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். இந்த இடுப்பு வலியோடு குனிந்தேன். அவள் சைக்கிள் எடுத்துக்கொண்டு டிராக்டர்காரர்களிடம் அலைந்தாள். ஒரே மழைக்கு ஊரே ஓட்டுகிறது, யார் வருவார்கள்? ஞாயிறு போயிற்று. ஏதோ பெரிய கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று நீ அன்றைக்கும் வரவில்லை, திங்களும் வரவில்லை. நீ வந்தது புதன்கிழமை. செவ்வாய்க்கிழமையே எனக்குப் பயம் வந்துவிட்டது. ஹேண்டிலைப் பீப்பாயில் இருந்து எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு, "இதோ இங்க இருக்குதே, ஒங்கண்ணுல படலியா?" என்று அவளைக் கூப்பிட்டேன்.

அவள் வந்து அதைக் கையில் எடுத்தாள். முருகேசா, அந்த ஹேண்டிலில் எப்போதும் கிரீஸ் இருக்கும். அந்தக் கிரீஸில் நுனியில் இருந்து பிடி வரைக்கும் கேழ்வரகு ஒட்டியிருந்தது. அவசரத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். பிறகு ஒரு பழைய துணியை எடுத்து, ஒரு கேழ்வரகு மணி விடாமல் துடைத்தாள். துடைத்துவிட்டு, "அத்தை, இது இனிமே ஆணியிலயே இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான். அவள் குரல்கூட உயரவில்லை.

புதன்கிழமை நீ வந்து காய்ந்த மண்ணில் முதல் சால் ஓட்டினாய். புழுதி பறந்தது. என்ன ஆயிற்று, ஏன் இத்தனை நாள் போயிற்று என்று கேட்டாய். நான் சொன்னேன், ஹேண்டிலை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தாள் என்று. நீ என் எதிரிலேயே அவளைக் கேட்டாய்: "ஒரு ஹேண்டில பத்திரமா வெக்கத் தெரியல, நீ எப்படி ரெண்டர ஏக்கராவப் பாத்துக்கப் போற?" அவள் என்னை ஒரே ஒரு தரம் பார்த்தாள். நான் பீப்பாய் மூடியைச் சரிபண்ணிக்கொண்டு நின்றேன். அவள் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. அந்த வருஷம் கடலை அங்கொன்று இங்கொன்றாகத்தான் முளைத்தது. நீ பார்த்ததும் அதைத்தான், மனசில் வைத்ததும் அதைத்தான். புரட்டாசியில் அவள் தனியாக அதே நிலத்தை மறுபடி ஓட்டி, கொள்ளு விதைத்து, வீட்டுக்கும் மாட்டுக்கும் வருஷம் முழுக்கக் காணும்படி எடுத்தாளே, அது உன் காதுக்கு வரவில்லை. வரவிடாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான். உனக்கு இங்கே சாக்கில் வந்ததே கொள்ளு, "என் மகன் காட்டுக் கொள்ளு" என்று நான்தான் கஸ்தூரிக்கும் இரண்டு படி அளந்து கொடுத்தேன்.

இப்போது நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அம்மா சுமதிக்குப் பரிந்து பேசுகிறாள், ஆனால் குழந்தைக்கு யார் இருக்கிறார்கள் என்பாய். அது நியாயம்தான். நிவேதா பெரியவளாகும் வயசு. ராத்திரி அம்மாவிடம் ஃபோனில் பேசிவிட்டுப் போர்வைக்குள் சுருண்டுகொள்கிறாள், அதைத் தினமும் பார்க்கிறவள் நான். நீயும் பதினைந்து வருஷமாக ஹோட்டல் சோறும் என் சோறும் தின்றுகொண்டு தனியாக இருக்கிறாய். குடும்பம் ஒன்றாக இருக்கவேண்டும் என்று நீ ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. நிலத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கு என்று நான் சொல்லவில்லை. அந்த வாழ்க்கையை நான் வாழ்ந்தவள். வெயிலில் மருந்து அடித்துவிட்டுக் கண் எரிந்து படுத்திருக்கிறவளைப் பார்த்து, பட்டணத்தில் ஏசி ரூமில் தரை துடைப்பது இதைவிட மேல் என்று நானே நினைத்ததுண்டு. எது மேல் என்று அவள்தான் சொல்லவேண்டும். நீ அவளிடம் கேட்டாயா? சொன்னேன், "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டாள் என்றாய். உன் அப்பா எருமையை விற்றபோது நானும் "உங்க இஷ்டம்" என்றுதான் சொன்னேன். அன்றைக்குப் பூராவும் கட்டுத்தறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பொம்பளை "உங்க இஷ்டம்" என்று சொன்னால், என் இஷ்டத்தை யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். இதை உனக்குச் சின்ன வயசிலேயே சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம், நீ ஓட்டாத சாலை ஓட்டினதாகச் சொல்லிக்கொள்வதுதான்.

மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. இனி இதைத் தள்ளிப்போட முடியாது. இன்றைக்குக் காலையில் நடந்ததைச் சொல்கிறேன்.

நீ கிளம்பின அரைமணியில் சுமதி எனக்கு ஃபோன் பண்ணினாள். நேற்றுச் சாயங்காலம் ஊரில் மழையாம். "ஒரு சாண் ஈரம் எறங்கியிருக்கு அத்தை. அவருக்கு ரெண்டு தரம் போட்டேன், எடுக்கல. கையெழுத்துப் போட்டுக் குடுக்கப் போற நெலத்துல வெதைக்கலாமா வேணாமான்னு கேக்கணும்" என்றாள். விதைக் கடலையை உடைத்து வைத்திருக்கிறாள், குத்தகைக்குப் போகப்போகிற நிலம் என்று தெரிந்தும். அப்புறம் நான் கேட்டேன்.

"ஹேண்டில் எங்க இருக்குது?"

"ஆணியிலதான் அத்தை."

"எடுத்துக்க. மொத சால் நீயே ஓட்டு."

அவள் மெதுவாகக் கேட்டாள்: "நீங்க சொல்றீங்களா, அவரு சொல்றாரா?"

"நான் சொல்றேன். அவனுக்கும் நானே சொல்லிக்கறேன்" என்றேன்.

அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். தரகருக்கு நீ கொடுத்த வார்த்தை என்ன ஆவது என்று கேட்பாய், அதுவும் சரியான கேள்விதான். வெறும் நிலத்தைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாய், ஞாயிற்றுக்கிழமைக்குள் அதில் விதை இருக்கும். உனக்குச் சங்கடம் பண்ணி வைத்துவிட்டேன். ஆனால் என் கையெழுத்தை நான் பூட்டி வைக்கவில்லை. ஒரு தரம் ஒன்றை ஒளித்து வைத்துப் பார்த்துவிட்டேன், போதும். நீ ஊருக்குப் போய் அவள் எதிரில் உட்கார்ந்து, இந்தத் தாள்களை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு, உன் இஷ்டம் என்ன என்று கேள். அவள் பட்டணத்துக்கு வருகிறேன் என்று தன் வாயால் சொன்னால், கடலை எடுத்த மறுநாள் நான் கையெழுத்துப் போடுகிறேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன். இல்லை, ஓட்டுகிறேன் என்று சொன்னால், அடுத்த தரம் பயிர் எழுத வருகிறவர் யார் விவசாயி என்று கேட்கும்போது நீ அவள் பேரைச் சொல்லவேண்டும். குழந்தையை எங்கே வைப்பது, யார் எங்கே இருப்பது என்று அப்புறம் மூன்று பேரும் உட்கார்ந்து சண்டை போடுவோம். என்னால் முடிந்தவரை இங்கே நிவேதாவுக்குச் சோறு பொங்குகிறேன், இல்லாவிட்டால் அவளோடு ஊருக்குப் போகிறேன். அதெல்லாம் எனக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத வராது.

இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது மறுபடி ஃபோன் அடித்தது. சுமதிதான். அலோ, அலோ என்றேன், பதில் இல்லை. அவள் ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கவேண்டும். முதலில் ஹேண்டில் சுற்றுகிற சத்தம், ஒரு தரம், இரண்டு தரம், பிடிக்கவில்லை. மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. டபடபவென்று அந்தச் சத்தம் இந்த வீடு முழுக்க நிறைந்துவிட்டது. யாரோ ஒரு பெண் கூவினாள், இன்னொருத்தி எதற்கோ சிரித்தாள், அப்புறம் சத்தம் அசைந்து தூரமாகப் போய், திரும்பி, கிட்டே வந்தது. ஒரு ஓட்டம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. நான் ஃபோனைக் காதில் இருந்து எடுக்காமல் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ரோட்டைப் பார்த்துப் பார்த்து நான் ஓட்டினேனே, அவள் ரோட்டைப் பார்க்கவேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

சோறு மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு. நான் நிவேதாவைக் கூப்பிட ஸ்கூல் வரைக்கும் நடந்து போகிறேன், மணி இன்னும் ஆகவில்லைதான், ஆனாலும் உட்கார முடியவில்லை. நீ வந்து இதைப் படித்ததும் என்னைத் தேடாதே, சுமதிக்கு ஃபோன் போடு. அவள் எடுக்கவில்லை என்றால் ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. மெஷின் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது.

அம்மா